இடுப்புக் கட்டு

பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு சண்முகத்தாய் சும்மா நின்றாள். ஒரு பாவாடையைத் தலைவழியாகப் போட்டு இடுப்புக்கு இறக்கி நாடாவை இழுத்து முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆகிற காரியம், வயசுக்கு வந்த நாள் முதல் விடிந்ததும் செய்கிற காரியம், இன்றைக்கு என்னவோ கை அதன்பாட்டுக்கு நாடாவை உருவிக்கொண்டே இருந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த பழைய பாவாடை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டியபடி சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வராந்தாவில் வீட்டுக்காரர் குருசாமி தொண்டையைச் செருமினார். நேரமாகிவிட்டது என்று வாயைத் திறந்து சொல்ல வராது அந்த மனுஷனுக்கு, செருமுவார், பிள்ளை பிறந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று செருமிக்கொண்டுதான் இருந்தார். செருமட்டும். மதுரைக்குப் போகவேண்டும், பெரியாஸ்பத்திரிக்கு, அங்கே இடுப்புப் புண்ணிலிருந்து சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பார்களாம். சதை கொஞ்சம். சாத்தூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண், டாக்டராம், காதில் ஒரு கம்மல்கூடக் கிடையாது, காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற மாதிரி அப்படித்தான் சொன்னாள். எடுப்பாய் எடுப்பாய், உன் அப்பன் வீட்டுச் சதை பார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஊரே சொல்கிறது. மேலத்தெரு பாக்கியத்துக்கு மார்பில் கட்டி வந்து கத்தி வைத்தார்கள், அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை. கத்தி பட்டதும் பரவிவிட்டது என்று எழவு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், சண்முகத்தாயும் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, பாக்கியம் அந்தக் கட்டியை இரண்டு வருஷம் முந்தானைக்குள் வைத்து மறைத்தவள் என்பது சண்முகத்தாய்க்குத் தெரியும். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

எல்லாம் அந்த மருமகளால் வந்த வினை, சாத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான். கார்த்தீஸ்வரி. பேரைப் பார், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு பேர். மகன் முனீசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடக்கிறான், இவள் இங்கே நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக வீட்டை அளந்துகொண்டு திரிகிறாள். காலையில் நைட்டி, மத்தியானம் நைட்டி, பால்காரன் வந்தாலும் நைட்டி. வந்த புதிதில் மூன்று வருஷம் ஒழுங்காகச் சேலைதான் கட்டினாள், சண்முகத்தாய் அப்படிக் கட்டவைத்தாள், பிறகு ஒருநாள் காலையில் ஒரு சொல் கேட்காமல் நைட்டியோடு வந்து நின்று காப்பி போட்டாள். அன்றைக்கு மூண்ட சண்டை இன்னும் அணையவில்லை. திமிர், வேறென்ன. குனிந்து நிமிர வளையாத இடுப்பு. அங்கன்வாடி டீச்சராக இருந்த காலத்தில் சண்முகத்தாய் நைட்டியோடு வந்த தாய்மாருக்குப் பிள்ளையைக் கொடுத்ததில்லை, போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வா, அப்புறம் கூட்டிக்கொண்டு போ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியவள். தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் போதும், நைட்டி போட்டவளெல்லாம் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே இந்தக் கூத்து. அதுவாவது போகட்டும். காய்ச்சலில் சண்முகத்தாய் நாலு நாள் எழ முடியாமல் கிடந்தபோது அந்த மகராசி மாமியாரின் பாவாடைகளை எடுத்துத் துவைக்கப் போனாளே, யார் கேட்டார்கள்? தன் பாவாடையைத் தானே துவைத்து, கொடியில் அதன்மேல் சேலையை விரித்துக் காயப்போடுகிறவள் சண்முகத்தாய். ஒரு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டுதான் இருந்தாள். நாடா உள்ளே ஓடுகிற மடிப்பில் மஞ்சளும் ரத்தமுமாகக் கறை, சோப்புக்குப் போகாத ஒரு நாற்றம். அவள் அந்தப் பாவாடையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள், அத்தே, இது என்னது அத்தே என்று. என் துணியை எவடி தொடச் சொன்னா என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். காய்ச்சலில் சத்தம் வரவில்லை. அவள் முகத்தில் அருவருப்பு இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம், ஏதோ ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி அந்தக் கறையைப் பார்த்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆறாத புண் எல்லாம் அந்தப் புண்ணா? உலகத்தில் வேறு புண்ணே கிடையாதா? அந்தப் பேரைச் சண்முகத்தாய் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, அது என்பாள், அதுவும் அவசரமாக. சேலை கட்டுகிற எந்தப் பெண்ணின் இடுப்பில்தான் கறுப்பு இல்லை? பேறுகாலத்துக்குப் போன இடங்களில் பார்த்திருக்கிறாள், குளத்தில் பார்த்திருக்கிறாள், எல்லோருக்கும் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், கழுத்தில் தாலிக்கயிறு தேய்த்த தடம் இருப்பதில்லையா, அதுபோல ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள். முதல்முதலில் கட்டிவிட்டது அப்பாகூடப் பிறந்த அத்தைக்காரி. சடங்கு முடிந்து பச்சைப் பாவாடையைப் போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் முழங்காலைக் கொடுத்து நாடாவை ஓர் இழுப்பு இழுத்தாள், மூச்சு நெஞ்சோடு நின்றது. இடுப்புக் கட்டுத் தளந்தா எல்லாந் தளந்துரும்டி, என்றாள். வலது பக்கம் முடிச்சு. அன்றைக்கு விழுந்த இடம்தான், அதற்கப்புறம் முடிச்சு இடம் மாறவுமில்லை, தளரவுமில்லை. இல்லை, ஒருமுறை தளர்ந்தது. கல்யாணமாகி வந்த முதல் மாதம், தெருக்குழாயில் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள், கொசுவம் மொத்தமாக அவிழ்ந்து காலடியில் விழுந்தது. குடத்தைப் போடவா சேலையைப் பிடிக்கவா என்று புரியாமல் நின்ற அந்த நேரம். சிரித்தார்கள். ஒருத்தி இல்லை, குழாயடி முழுக்கச் சிரித்தது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்த குருசாமி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெரியாத பெண்பிள்ளையைப் பார்த்த மாதிரி மிதித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை, சாப்பிடும்போது செருமினார், அவ்வளவுதான். அந்தச் செருமலுக்குத்தான் இத்தனை வருஷமும் இறுக்கினாள். சுருக்குக் கயிறு மாதிரி இறுக்கி, அதன்மேல் கொசுவத்தைச் சொருகி, அதன்மேல் சாவிக்கொத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தால் வெட்டும், நடந்தால் தேய்க்கும், வெயிலில் வேர்த்தால் எரியும். எரியட்டும், அவிழாது. அந்த மனுஷனோ லுங்கியை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு மடிப்பு மடித்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்து உதறி, நாலு பேர் முன்னால் மறுபடியும் கட்டிக்கொள்வார். யார் சிரித்தார்கள்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது வெளிச்சத்தில் அவள் இடுப்பைப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால் கறுப்பு எப்போது தடித்தது, தடித்தது எப்போது வெளிறியது, வெளிறின இடம் எப்போது வெடித்தது என்று கேட்டால் சொல்லவாவது ஓர் ஆள் இருந்திருக்கும். டாக்டர் கேட்டபோது சண்முகத்தாய்க்கே சொல்லத் தெரியவில்லை. என் இடுப்பை நான் எதற்குப் பார்க்கிறேன் என்று எரிந்து விழுந்தாள்.

முதலில் அரிப்புத்தான். அரிப்புக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள், தேங்காயெண்ணெய் தடவினாள், கேட்கவில்லை. மருந்துக்கடையில் படர்தாமரைக்கு என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கினாள், கடைக்காரன் எங்கேக்கா என்றான், முழங்கை என்றாள். புண்ணான பிறகு பவுடரைக் கொட்டி, மேலே துணியை மடித்து வைத்து, அந்தத் துணிக்கு மேலேயே நாடாவை இறுக்கினாள். பகலில் கட்டு, ராத்திரி பொருக்குத் தட்டும், காலையில் நாடா பட்டதும் பொருக்கு உரியும். அது ஆறுவதற்கு இவள் ஒரு நாளாவது விட்டாளா என்றால் இல்லை. இதே சண்முகத்தாய்தான் தாய்மார் கூட்டத்தில் படம் போட்ட அட்டையைச் சுவரில் மாட்டி, குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னாள், புண்ணு ரெண்டு மூணு வாரத்துல ஆறலைன்னா காட்டணும், ரத்தம் கசிஞ்சா காட்டணும், கட்டி தடிச்சா காட்டணும், சாம்பலைப் பூசிக்கிட்டு வீட்ல கிடந்தீங்க, கொன்னுருவேன். ஊருக்குத்தானடி உபதேசம் என்று இப்போது ஒரு குரல் கேட்டது, அது அத்தைக்காரி குரல் மாதிரியும் இருந்தது, பாக்கியத்தின் குரல் மாதிரியும் இருந்தது. பாக்கியமும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவள்தான். முன் வரிசையில். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், முந்தானைக்குள் கட்டியை வைத்துக்கொண்டு. கத்தி பட்டுத்தான் செத்தாள் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சௌகரியம். சனியன், நினைக்க வேண்டாம் என்றால் அங்கேயே போய் நிற்கிறது மனசு.

"இந்தா, ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு," என்றார் குருசாமி வெளியிலிருந்து. செருமலுக்கு அடுத்த கட்டம் இது.

"வரட்டும். நான் என்ன ஓடியா போகப்போறேன்?"

அந்த அறையில் இருந்தது பொட்டு வைக்கிற கண்ணாடி. முகம் தெரியும், கழுத்துத் தெரியும், அதற்குக் கீழே சண்முகத்தாய்க்குச் சோலி இருந்ததில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள். இந்த வயசில் இது தேவையா, விழுந்தால் இடுப்பு எலும்பும் போகும், அதையும் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஈரப் பாவாடையை அவிழ்த்து இறக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் ஓர் இடுப்பு வந்தது. யாருடையதோ போல இருந்தது. சுற்றி வந்த கறுப்பு வளையம் யானைத்தோல் மாதிரி தடித்துச் சொரசொரவென்று இருந்தது, நடுவில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக வெளிறியிருந்தது, வலது பக்கம் முடிச்சு விழுகிற இடத்தில் அது இருந்தது. விரலால் தடவித்தான் அவளுக்கு அதைத் தெரியும், விரல் பொய் சொல்லியிருந்தது. ஒரு ரூபாய் அகலம் என்று நினைத்திருந்தாள், உள்ளங்கையில் பாதி இருந்தது. விளிம்பு பணியாரத்தின் ஓரம் போலப் புடைத்து நின்றது, நடுவில் பள்ளம், பள்ளத்தில் சிவப்பாக, குளித்த ஈரம் பட்டதற்கே ரத்தம் துளிர்த்திருந்தது. பயமாக இருந்தது. செத்துப்போவேனோ என்று நினைத்தாள், நினைத்ததும் யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது, எல்லார்மேலும் வந்தது, முழங்கால் கொடுத்து இழுத்த அத்தைமேல், சைக்கிளை மிதித்த மனுஷன்மேல், சிரித்த குழாயடிமேல். அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை, இருந்தாலும் விடுவதாக இல்லை.

இறங்கி ரவிக்கையை மாட்டினாள். நல்ல பாவாடையைத் தலைவழியாகப் போட்டாள். நாடாவை வலது பக்கம் கொண்டுவந்தாள், உயிர் போயிற்று. இடது பக்கம் திருப்பினாள், முடிச்சு அங்கே போனாலும் நாடா இங்கேதானே ஓடுகிறது. மேலே ஏற்றினாள், விலாவுக்குப் போனதும் பாவாடை குட்டையாகிக் கணுக்கால் தெரிந்தது. கீழே இறக்கினாள், நழுவியது. கொஞ்சம் தளர்த்திக் கட்டிப் பார்த்தாள், வலி தேவலை, ஆனால் உடனே குழாயடி கண்முன் வந்தது, மதுரை பஸ்ஸில் படிக்கட்டில் கால் வைக்கும்போது அவிழ்ந்தால்? கை தானாக இறுக்கியது. கையைச் சொல்லவேண்டும், அதற்கு வேறு எதுவும் தெரியாது. "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது, தன்னுடைய சத்தம்தான்.

"அத்தே, கதவத் திறங்க." கார்த்தீஸ்வரி. கதவிலேயே காதை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள்.

"போடி அங்கிட்டு. சேலை கட்டிக்கிட்டிருக்கேன்."

"பாவாடை கட்டாதீங்க அத்தே. டாக்டர் அன்னைக்கே சொல்லிச்சுல்ல, அந்த எடத்துல எதுவும் படக் கூடாதுன்னு. நைட்டி ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், போட்டுக்கிட்டு வாங்க."

"நைட்டியா! நைட்டியப் போட்டுக்கிட்டு நான் பஸ் ஏறணும், ஊரு சிரிக்கணும், நீ பாத்துக் குளுரணும். அதுக்குத்தான இத்தன நாளாக் காத்துக்கிட்டு இருந்த?"

அழுகிறாளோ என்று பார்த்தால் அழுகிற ஜாதி இல்லை அவள். "திறங்க அத்தே. ஒண்ணு காட்டணும். காட்டிட்டுப் போயிருதேன்," என்றாள். சண்முகத்தாய் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். என்னத்தைக் காட்டப் போகிறாள் பார்ப்போம் என்றுதான் திறந்தாள், வேறு ஒன்றும் இல்லை.

கார்த்தீஸ்வரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கூச்சம் கீச்சம் எதுவும் இல்லாமல் நைட்டியை ஒரு பக்கமாகத் தூக்கி, உள்ளே போட்டிருந்த தொளதொளத்த கால்சட்டையைக் கொஞ்சம் இறக்கி, இடுப்பைத் திருப்பினாள். சின்ன இடுப்பு. அதைச் சுற்றி ஒரு வளையம், கறுப்பு என்று சொல்ல முடியாது, மங்கின பழுப்பு. வலது பக்கம் மட்டும் ஒரு விரல்கடை அளவுக்குத் தோல் இன்னும் தடிப்பாக இருந்தது. முடிச்சின் இடம். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் இவள் முதுகில் முழங்காலைக் கொடுத்து இழுத்தது யார் என்று சண்முகத்தாய்க்கு நினைவு இருந்தது.

"மூணு வருசம் அத்தே. அரிச்சு அரிச்சுத் தோலு உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. எங்கம்மா வீட்டுக்குப் போனப்ப ஆஸ்பத்திரில காட்டுனேன். அங்க இருந்த நர்சம்மாதான் சொன்னாங்க, நாடா அறுக்குற எடத்துல இப்பிடித் தடிச்சா சும்மா விடக் கூடாது, அப்பிடியே கட்டிக்கிட்டே இருந்தா புண்ணாகும், வருசக்கணக்கா ஆறாத புண்ணு கேன்சராக்கூட மாறும்னு. இறுக்காத, நாடாவுக்குப் பதிலா அகலப் பட்டி வச்சுத் தை, கொஞ்ச நாளைக்கு நைட்டியே போடுன்னாங்க. அதான் போட்டேன். இப்ப அரிப்பு இல்ல, கறுப்பும் விட்டுக்கிட்டு வருது."

கேன்சர். அந்தப் பேரை இந்த அறைக்குள் வைத்துச் சொல்லிவிட்டாள், சர்வ சாதாரணமாக, கொடியில் துணி போடுகிற மாதிரி. சண்முகத்தாய்க்கு அறையலாம் என்று வந்தது. கை பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இதையெல்லாம் அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

"சொன்னேன் அத்தே."

"எப்பச் சொன்ன?"

"அன்னைக்கு அடுப்படியில. இடுப்பு அரிச்சுப் புண்ணாகுது, தளத்திக் கட்டிக்கிடட்டான்னு கேட்டேன். 'உனக்கு மட்டும் என்ன தங்கத்துலயா இடுப்புச் செஞ்சு வச்சிருக்கு'ன்னு கேட்டீங்க. அப்புறம் என்னத்தச் சொல்ல?"

கேட்டாள். அப்படிக் கேட்டது சண்முகத்தாய்க்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தோசை திருப்பிக்கொண்டே கேட்டாள், கேட்டுவிட்டு நல்ல பதில் சொன்னோம் என்று அன்றைக்கு முழுக்கத் திருப்தியாக இருந்தாள். அப்போது தன் இடுப்பும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அரிப்போடு நின்று தோசை திருப்பிக்கொண்டு சொன்னாள். இந்தச் சிறுக்கி ஒரு சொல் சொல்லாமல் போய்த் தன் இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டாள், என்ன அழுத்தம், என்ன நெஞ்சழுத்தம், தான் அந்த வயசில் ஒருநாள், ஒரே ஒரு நாள், அத்தைக்காரியைப் பார்த்து முடியாது போ என்று சொல்லியிருந்தால்? பொறாமையாக இருந்தது. மருமகள்மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது நிலைமை.

"எடுத்தா செத்துருவனா?" என்று கேட்டாள். கேட்க நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும் அத்தே. அதுவா இருந்தாலும், பரவாம இருந்தா அந்த எடத்தோட வெட்டி எடுத்துருவாங்களாம், சரியாயிருமாம். கத்தி பட்டுல்லாம் பரவாதுன்னு அந்த டாக்டர் உங்களப் பாத்துத்தான சொல்லிச்சு, நீங்க வேணும்னே காத அங்கிட்டுத் திருப்பிக்கிட்டீங்க. இன்னமும் வச்சுக்கிட்டே இருந்தாத்தான்..." அவள் முடிக்கவில்லை. முடிக்காத அந்த இடத்தில் பாக்கியம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. குருசாமி செருமினார்.

சண்முகத்தாய் கையை விட்டாள். பாவாடை காலடியில் விழுந்தது. "பூப்போட்ட நைட்டி எனக்கு வேண்டாம். மூஞ்சிக்கு ஆகாது. உன்கிட்ட அந்தக் காப்பித்தூள் கலர் ஒண்ணு கிடக்குல்ல, அதக் கொண்டா. துண்டும் கொண்டா. துண்டு துவைச்சதா இருக்கணும்."

நைட்டி தலைவழியாக இறங்கியது, எங்கும் நிற்கவில்லை, நேரே கணுக்கால் வரைக்கும் போய்விட்டது. உடம்பில் ஒன்றுமே உடுத்தாத மாதிரி இருந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது குருசாமி எழுந்து நின்றார். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். குழாயடியில் பார்த்த அதே பார்வை.

"இந்தக் கோலத்துலயா மதுரைக்கு வரப்போற?"

"ஆமா. இத்தன வருசம் நான் இறுக்கிக் கட்டுனேன். உள்ள பாவாடை கிடக்கு, இன்னைக்கு நீங்க கட்டிக்கிட்டு வாங்க."

மருமகள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு முன்னாலேயே ஆட்டோவில் ஏறிவிட்டாள். மனுஷன் செருமக்கூட இல்லை, பின்னாலேயே வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும், பார்த்துப் பார்த்துக் கண் அவியட்டும். அங்கன்வாடி இருக்கிற திருப்பத்தில் ஆட்டோ மெதுவாகப் போனபோது, பிள்ளையை விட வந்த ஒருத்தி, பூப்போட்ட நைட்டிக்காரி, சண்முகத்தாயின் முகத்தைக் கண்டதும் பழைய பழக்கத்தில் சட்டென்று வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஒதுங்கினவள் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். வாயில் ஈ நுழைந்தால்கூடத் தெரிந்திருக்காது.

"நிறுத்துய்யா," என்றாள் சண்முகத்தாய். தலையை வெளியே நீட்டினாள். "ஏய், உன்னத்தான். என்னடி வேடிக்க? வீட்டுக்குப் போயி கண்ணாடியில இடுப்பப் பாரு. உங்காத்தாளுக்கும் மாமியாளுக்கும் பாரு. நாடா கட்டுற எடத்துல தடிச்சுக் கறுத்திருந்தா தளத்திக் கட்டு, ஆறாத புண்ணு இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரியில போயி நில்லு. மறைச்சு வச்சேன்னு கேள்விப்பட்டேன், வந்து கொன்னுருவேன்."

"சரிங்க டீச்சர்," என்றாள் அவள், பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஆட்டோ கிளம்பியது. வழக்கம்போல் சண்முகத்தாயின் வலது கை முடிச்சைச் சரிபார்க்க இடுப்புக்குப் போனது. அங்கே முடிச்சு இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற மாதிரி.